கண்ணாடித் தொட்டித் துரை

ஏழாம் அத்தியாயம்

தென்னூர் வீட்டு வாசலில் ஜட்கா வந்து நின்றபோது டோரதி கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையில் காப்பி. அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு யாரோ பித்தளை டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளங்கை இரண்டும் செக்கச் சிவந்துவிட்டன. அது அவளுக்குத் தெரியவில்லை. எதிரே இருந்த நாத்தனார் லூர்துராணிதான் பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

புருஷன் கிளமென்ட் போன சனிக்கிழமை இறந்ததிலிருந்து டோரதி இப்படித்தான் இருந்தாள். பசி, தூக்கம், வெயில், புழுக்கம் எல்லாமே அடுத்த வீட்டுச் சமாசாரம் போல எங்கோ நடந்துகொண்டிருந்தன. கோயிலிலும் அழவில்லை, கல்லறையிலும் அழவில்லை. மண்ணை அள்ளிப் போடச் சொன்னார்கள், போட்டாள். வீட்டுக்கு வந்து குளிக்கச் சொன்னார்கள், குளித்தாள்.

அழாததுதான் அவள் செய்த முதல் குற்றம். இரண்டாவது குற்றம், கூடத்து ஜன்னலோரம் இருந்த கண்ணாடித் தொட்டியில் நடந்தது.

கிளமென்ட் கல்லூரியில் பிராணி சாஸ்திர ஆசிரியன். கொழும்புத் துறைமுகத்தில் வேலை பார்த்த அவனுடைய சிநேகிதன் ஒருவன், ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்த ஆற்றுச் சிங்கிறால் ஒன்றை ஈரப் பாசி அடைத்த பெட்டியில் வைத்து போட் மெயில் ரயிலில் அனுப்பியிருந்தான். உடம்பு இறால், கை நண்டு, நிறம் நீலம், நடை கலெக்டர் நடை. வீட்டில் அதற்குத் 'துரை' என்று பெயர் வந்துவிட்டது. துரைக்கு மணலில் ஓர் உடைந்த சட்டியைக் கவிழ்த்து பங்களா கட்டிக் கொடுத்தான் கிளமென்ட். துணைக்குக் காவேரியிலிருந்து கெண்டைக் குஞ்சுகளும் மணலில் படுக்கும் அயிரை மீன்களும் வந்தன. "துரையோட குடித்தனம் பண்றவன் மேல நீந்தணும், வேகமா நீந்தணும். கீழ படுத்துத் தூங்கறவன் பலகாரம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வான்.

அவன் இறந்த சாயங்காலம் டோரதி ஒரு கண்ணாடி கிளாஸோடு தொட்டியருகே நின்று எதையோ உள்ளே ஊற்றியதை லூர்துராணி பார்த்திருந்தாள். அப்போது அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் துரை மணலில் மல்லாந்து கிடந்ததும் அன்று பார்த்தது அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. தம்பியின் இருதய நோய்க்குக் கொடுத்த சொட்டு மருந்தின் மிச்சம்தான் தொட்டிக்குள் போயிருக்கிறது, தம்பியும் செத்தான், துரையும் செத்தது என்று கூட்டிப் பார்த்துவிட்டாள். செத்த துரையைக் கரண்டியால் எடுத்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டாள். மூடி கிடைக்காததால் வாய்க்குத் துணி கட்டினாள்.

அவள் பொல்லாதவள் இல்லை. தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். போலீசுக்குப் போனால் தம்பியின் கல்லறையைத் தோண்டுவார்கள் என்ற பயம் அவளுக்கும் இருந்தது. அதனால்தான் பாட்டிலோடு முதலில் கியாசுதீனைத் தேடிப் போனாள். ரயிலில் காணாமல் போகும் சரக்குகளைக் கண்டுபிடித்துப் பேர் வாங்கியவர் கியாசுதீன். வேலையை விட்டபின் ஊரார் வீட்டுக் குழப்பங்களைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். விஷம் உண்டா இல்லையா என்று இன்று பொழுது சாய்வதற்குள் அவர் சொல்லிவிட வேண்டும். உண்டு என்றால், நாளை ஏழாம் நாள் பூசை முடிந்த கையோடு அவள் இன்ஸ்பெக்டரைப் பார்க்கப் போவாள். இதை டோரதியின் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தாள். டோரதி சரி என்று தலையாட்டினாள்.

மறுக்க அவளால் முடியவில்லை. எல்லாம் மரத்துப்போன உடம்புக்குள் மரத்துப்போகாத இடம் ஒன்று இருந்தது. அங்கே என்ன இருக்கிறது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

*

கியாசுதீன் துருக்கித் தொப்பியைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்தார். பின்னால் அவருடைய உதவியாள் சவரிராயன், பாட்டிலை நெஞ்சோடு அணைத்தபடி வந்தான். ஒல்லியான ஆள், ஓயாத வாய். சாவு வீடு என்பதால் இன்று வாயை அடக்குவதாக வழியெல்லாம் சத்தியம் செய்துகொண்டு வந்திருந்தான். படியேறும்வரை காப்பாற்றினான்.

இருவரும் ஸ்ரீரங்கத்திலிருந்து வருவதாக கியாசுதீன் சொன்னார். கிளமென்ட்டுக்கு வைத்தியம் பார்த்த ஐயங்கார் டாக்டரின் வீடு உத்தர வீதியில் இருந்தது. மருந்தைப் பற்றி அவரிடம் விசாரிக்கப் போனார்களாம்.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்று லூர்துராணி கேட்டாள்.

கிளமென்ட்டின் இருதயம் பழைய கடிகாரம் மாதிரி, என்றைக்கு நின்றாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்றாராம் டாக்டர். அது ஒரு பக்கம். அந்தச் சொட்டு மருந்தைப் பற்றி அவர் சொன்னது இன்னொரு பக்கம். அதை கியாசுதீன் டாக்டர் சொன்னபடியே சொன்னார்.

"'அளவு தப்பினா அதுவே விஷம்தான் ஓய். ரெண்டு வேளை மருந்து ஒரே வேளையா உள்ள போனா அந்த ஹ்ருதயம் தாங்காது.' இதுதாங்க அவர் சொன்னது."

லூர்துராணி டோரதியைப் பார்த்தாள். டோரதி காப்பியைப் பார்த்தாள். அதில் ஆடை படிந்திருந்தது.

"அப்ப நான் சொன்னதுதான் சரி" என்றாள் லூர்துராணி. குரலில் வெற்றி இல்லை, களைப்புதான் இருந்தது.

"அதுக்குள்ள முடிச்சிடாதீங்கம்மா. ஸ்ரீரங்கத்துல எங்களுக்கு ரெண்டாவதா ஒரு சாட்சி கிடைச்சிருக்கு. டாக்டர் வீட்டு மாமியோட மூக்கு."

மீதியைச் சொல்ல சவரிராயன் முந்திக்கொண்டான். பாட்டிலில் இருப்பது என்ன என்று தெரிந்தால் உள்ளே விடமாட்டார்கள் என்று அதை வாசல் நடையிலேயே வைத்துவிட்டார்களாம். அதே நடையில், பாட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து மாமி துளசி கட்டிக்கொண்டிருந்தாள். இவர்கள் டாக்டரிடம் பேசி முடித்து வெளியே வரும்வரை கட்டிக்கொண்டேதான் இருந்தாள். புறப்படும்போது சும்மா பேச்சுக்கு, பாட்டிலில் என்ன லேகியமா என்று கேட்டாள். சவரிராயன் உள்ளதைச் சொன்னான். அவ்வளவுதான். பெருமாளைக் கூப்பிட்ட சத்தம் பெருமாளுக்கே கேட்டிருக்கும். நடை முழுக்கத் தண்ணீர், அதில் பாதி சவரிராயன் மேல்.

"இதுல என்ன சாட்சி இருக்கு?" என்றாள் லூர்துராணி.

"யோசிச்சுப் பாருங்கம்மா" என்றார் கியாசுதீன். "காலையில செத்த இறால் மத்தியானம் ஆனா மார்க்கெட் தெருவையே கூப்பிடும். இது செவ்வாய்க்கிழமை செத்தது. இன்னிக்கு வெள்ளி. திருச்சி வெயில். வாய்க்கு வெறும் துணிதான் கட்டியிருக்கு. அந்த வீட்லயோ பக்கத்து வீதியில வெங்காயம் வதக்கினாக்கூடத் தெரியும். ஒரு முழத்துல உட்கார்ந்திருந்த மாமிக்கு சொல்ற வரைக்கும் தெரியலை."

அவர் சவரிராயனிடமிருந்து பாட்டிலை வாங்கித் துணியை அவிழ்த்தார். சவரிராயன் முன்ஜாக்கிரதையாக மூக்கைப் பொத்திக்கொண்டான். பிறகு ஒரு விரலை மட்டும் எடுத்துப் பார்த்தான். பிறகு கையையே எடுத்துவிட்டான்.

கியாசுதீன் துரையைத் தம் உள்ளங்கையில் சரித்தார். கொடுக்கு, மீசை, கால், வால் எதிலும் குறையில்லை. அதை ஜன்னலுக்கு நேரே உயர்த்திக் காட்டினார். வெயில் அதன் உடம்பில் இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வந்தது. முதுகும் வாலும் சேரும் இடத்தில் குறுக்காக ஒரு வெடிப்பு. உள்ளே ஒன்றுமே இல்லை.

"பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி இதுவும் உரிக்கும். நீங்க எடுத்து வச்சது பிணமில்ல அம்மா. துரை கழட்டிப் போட்ட சட்டை."

"கண்ணு கூட இருக்கே" என்றாள் லூர்துராணி மெதுவாக.

"கண்ணாடியும் சேத்துக் கழட்டிட்டாருங்க" என்றான் சவரிராயன்.

டோரதிக்கு ஏதோ ஞாபகம் வந்தது. சில நாட்களில் கிளமென்ட் தொட்டியின்மேல் தன் பழைய வேட்டியைப் போர்த்திவிட்டு, 'துரை உடுப்பு மாத்தறாரு, யாரும் எட்டிப் பாக்காதீங்க' என்பான். அயிரைகளைக் கடிக்க விடாமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுவான். உரித்த உடம்பு வெண்ணெய் மாதிரி இருக்கும், அப்போது துரையைக் கடிக்க யார் வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லியிருக்கிறான். இரண்டு நாளில் அந்தக் கூட்டைத் துரையே தின்று தீர்த்துவிடும். கூட்டை அவள் ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை. அதை இப்போது சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

லூர்துராணி விட்டுக்கொடுப்பதாக இல்லை. ஏன் சரியாக அந்த வாரம் பார்த்து உரிக்க வேண்டும் என்று கேட்டாள். ஊற்றிய விஷத்தில் துடித்துத்தான் உரித்திருக்கும் என்றாள்.

கியாசுதீன் பதிலுக்கு ஒன்று கேட்டார். சாவு விழுந்த வீட்டில் பிடித்து வைத்த தண்ணீரை இவர்கள் குடும்பத்தில் என்ன செய்வார்கள்?

"கொட்டிடுவோம். ஆகாது. எங்க பாட்டன் காலத்துலேர்ந்து வழக்கம்" என்றாள் லூர்துராணி. "அடக்கம் முடிஞ்சு வந்ததும் குடம், அண்டா, பானை எல்லாம் நானே நின்னு கொட்டச் சொன்னேன்."

"இந்தத் தொட்டி?"

லூர்துராணி தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "அதுலயும் தண்ணிதானே இருக்கு" என்றாள்.

கண்ணாடித் தொட்டியும் வீட்டில் பிடித்து வைத்த தண்ணீர்தான் என்று கணக்குப் போட்டு, மீன்களையும் துரையையும் ஒரு வாளியில் விட்டு, தொட்டியைக் கவிழ்த்துக் கழுவி, புதிதாகக் கிணற்றுத் தண்ணீர் நிரப்பியிருந்தாள் அவள். ஞாயிற்றுக்கிழமை. சுற்றியிருந்தவர்கள் அதை முறைதான் என்றார்கள்.

"அப்ப சனிக்கிழமை ஊத்தினது ஞாயித்துக்கிழமையே சாக்கடைக்குப் போயிடுச்சு" என்றார் கியாசுதீன். "துரை செவ்வாய்க்கிழமை கிடந்தது உங்க கிணத்துத் தண்ணியில. தண்ணி மாறினா இந்த ஜாதிக்குச் சட்டை மாத்தத் தோணுமாம். கிளமென்ட் சாரோட புஸ்தக அலமாரியிலேயே இருக்கு, நேத்து வந்தப்ப பாத்தேன்."

"கிணத்துத் தண்ணி விஷம்னா" என்று சவரிராயன் டோரதியின் கையிலிருந்த டம்ளரைக் காட்டினான், "இந்தக் காப்பியும் அதுலதான் போட்டதுங்க. நேத்து வந்தப்ப எனக்கும் ஒண்ணு கொடுத்தீங்க. நான் இன்னும் பேசிட்டுத்தான் இருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. அவனும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

லூர்துராணி தொட்டியைக் கைநீட்டிக் காட்டினாள். அப்படியானால் அயிரை மீன்கள் எங்கே? வாளியிலிருந்து அத்தனையையும் அவளே திருப்பி விட்டாள். இன்றைக்கு ஒன்றுகூட இல்லை. விஷம் இல்லாமலா அவ்வளவும் செத்தன?

"செத்த அயிரையை யாராச்சும் எடுத்தீங்களா?"

யாரும் எடுக்கவில்லை.

"செத்த மீன் மிதக்கும், நாறும், யாராவது எடுத்துப் போடணும். இது அப்படியே காணாமப் போயிருக்கு. மேல பாருங்க, கெண்டைக் குஞ்சு அத்தனையும் விளையாடிட்டிருக்கு. விஷம் மாடி வீட்டுக்காரனை விட்டுட்டுக் கீழ் வீட்டுக்காரனை மட்டுமா கொல்லும்?"

கீழ படுத்துத் தூங்கறவன் பலகாரம். கிளமென்ட்டின் குரல் டோரதியின் காதுக்குள் அவ்வளவு கிட்டத்தில் கேட்டது. அவள் நிமிர்ந்தாள்.

"துரை உசிரோட இருக்காரா?" என்று கேட்டாள். அந்த வாரத்தில் அவளாகப் பேசிய முதல் பேச்சு அது.

எல்லோரும் தொட்டியைச் சூழ்ந்து நின்றார்கள். மணல் தெரிந்தது, பாசி தெரிந்தது, கவிழ்த்த சட்டி தெரிந்தது. சட்டியின் வாய் மணல் மூடிக் கிடந்தது. பிணம் கையில் இருக்கும்போது ஆளை யார் தேடப்போகிறார்கள்? ஒருவரும் அதற்குள் பார்த்திருக்கவில்லை. கியாசுதீன் ஜாடை காட்டினார். சவரிராயன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, சிலுவை போட்டுக்கொண்டு, தண்ணீருக்குள் கையை விட்டான். மணலை விலக்கினான். சட்டிக்குள் விரலை நுழைத்தான்.

அவன் முகம் மாறியது. பிறகு மிகவும் அடக்கமான குரலில் சொன்னான்: "இருக்காரு பாய். கை கொடுக்கறாரு. விடச் சொல்லுங்க."

கை வெளியே வந்தபோது துரையும் கூடவே தொங்கிக்கொண்டு வந்தார். புதுச் சட்டை, பழையதைவிடப் பளபளத்த நீலம், முன்னைவிட ஒரு சுற்றுப் பெரிது. பாதி வழியில் பிடியை விட்டுத் தண்ணீரில் விழுந்து, வாலை ஒரு வீசு வீசிப் பின்பக்கமாகவே பங்களாவுக்குள் போய்விட்டார்.

லூர்துராணி நாற்காலியில் உட்கார்ந்தாள். கியாசுதீன் கைக்குட்டையை உதறி உதவியாளின் விரலில் கட்டினார். விஷமில்லை, கல்லறையைத் திறக்க வேண்டியதில்லை, இன்ஸ்பெக்டரைப் பார்க்க வேண்டியதில்லை என்று சொல்லி முடித்தார். வழக்கு அங்கேயே முடிந்திருக்கும்.

"திறக்கணும்" என்றாள் டோரதி.

மூவரும் திரும்பினார்கள்.

"துரை பொழைச்சுட்டாருங்கறதால நான் செய்யலைன்னு ஆயிடாது" என்றாள். குரல் ஏற்ற இறக்கமில்லாமல், வாய்ப்பாடு ஒப்பிப்பது போல வந்தது. "நான் ரெண்டு தடவை அளந்தேன். சாயங்காலம் கொடுத்தேன். அடுப்படிக்குப் போய் கஞ்சி வச்சேன். திரும்பி வந்து மறுபடியும் கிளாஸ்ல தண்ணி ஊத்தி மறுபடியும் சொட்டு விட்டேன். எண்ணி விட்டது ஞாபகம் இருக்கு. கொடுத்தோம்ங்கறது அப்ப மனசுல இல்ல. கிளாஸை எடுத்துட்டு அவங்க கட்டில்கிட்ட போனேன். அதுக்கு மேல ஒண்ணுமே ஞாபகம் இல்ல. ஆளுங்க வந்ததுதான் ஞாபகம் இருக்கு. மருந்துப் பாட்டிலைப் பாத்தேன். ரெண்டு வேளை குறைஞ்சிருக்கு."

கூடத்தில் தொட்டிக்குள் மணல் சரியும் மெல்லிய சத்தம் மட்டும் கேட்டது. துரை பங்களாவுக்குக் கதவு வைத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வேளை ஒரே வேளையா போனா தாங்காதுன்னு டாக்டர் சொன்னாருல்ல. வேணும்னு செய்யலை அண்ணி. ஆனா நான்தான் செஞ்சேன்."

லூர்துராணி இத்தனை நாள் இந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தாள். வந்த பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஜன்னலருகே நின்றிருந்த கியாசுதீன் திரும்பி, டோரதியைக் கேட்கவில்லை, லூர்துராணியைத்தான் கேட்டார்.

"அம்மா, அன்னிக்கு இவங்க தொட்டியில ஊத்தினதை நீங்க கண்ணால பாத்தீங்க. கிளாஸ்ல எவ்வளவு இருந்துச்சு?"

"எவ்வளவுன்னா?"

"அடியில கொஞ்சமா, பாதியா, முழுசா? கர்த்தர் முன்னால சொல்ற மாதிரி சொல்லுங்க."

லூர்துராணி கண்ணை மூடினாள். அந்தச் சாயங்காலத்தை இந்த வாரம் முழுக்க அவள் எத்தனையோ தடவை பார்த்துவிட்டாள். தேடித் தேடிக் குற்றம் பார்த்த கண்ணுக்கு எதுவும் தப்பவில்லை.

"விளிம்பு வரைக்கும் இருந்துச்சு" என்றாள். "நடந்து வரும்போதே தளும்பித் தரையில சிந்துச்சு. நான்தான் அப்புறம் துடைச்சேன்."

சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தாள். தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே அப்போதுதான் புரிந்தது.

"முதல் வேளை அவர் குடிச்சது" என்றார் கியாசுதீன். "ரெண்டாவது வேளையை அவர் உதட்டுலகூட வைக்கலை. வச்சிருந்தா கிளாஸ் தளும்பாது. இவங்க கட்டில்கிட்ட போனாங்க. அவர் தூங்கறார்னு நெனச்சாங்க. எழுப்ப மனசு வரலை. அப்ப அவர் நிஜமா தூங்கினாரோ, அதுக்குள்ள போயிட்டாரோ, அது எனக்குத் தெரியாது. ஆனா அந்த கிளாஸ் முழுசும் தொட்டிக்குத்தான் போயிருக்கு."

"ஏன் தொட்டிக்கு?" என்றான் சவரிராயன். இம்முறை அவன் குரலில் கேலி இல்லை.

பதில் டோரதிக்குத்தான் தெரியும். இந்த ஊர் வெயிலுக்குத் தொட்டித் தண்ணீர் தினமும் ஒரு விரற்கடை வற்றும். குடிக்க வைத்துக் குடிக்காமல் மிஞ்சிய தண்ணீரை வீணாக்காமல் துரைக்கு ஊற்றச் சொல்வான் கிளமென்ட். கல்யாணமான நாளிலிருந்து கட்டிலருகே மிஞ்சியதெல்லாம் தொட்டிக்குத்தான் போயிற்று. அவளுக்கு ஞாபகமில்லாததை அவள் கை ஞாபகம் வைத்திருந்து செய்திருக்கிறது.

இதை அவள் சொல்லத் தொடங்கினாள். 'மிஞ்சின தண்ணி' வரைக்கும் வந்தது. அதற்கு மேல் தொட்டியைத்தான் கைகாட்டினாள்.

கியாசுதீன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். சவரிராயனிடம் போகலாம் என்று கண்ணைக் காட்டினார். வாசல் தாண்டும்போது சவரிராயன் மட்டும் ஒருமுறை திரும்பி, துரைக்கு நாளையிலிருந்து முட்டையோ கேரட்டோ ஏதாவது போடச் சொன்னான். பசி அவருக்குக் கொஞ்சம் அதிகமாக இருப்பதை அவன் விரல் பார்த்துவிட்டதாம்.

ஜட்காவின் சலங்கைச் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. இரண்டு பெண்களும் எதிரெதிரே இருந்தார்கள். லூர்துராணி எழுந்தாள். டோரதியின் கையிலிருந்த ஆறிப்போன காப்பியை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. நெடுநேரம் விறகை ஊதும் சத்தம் கேட்டது. புகையாலோ எதனாலோ சிவந்த கண்களோடு புதுக் காப்பியைக் கொண்டுவந்து டோரதியின் கையில் வைத்தாள். மன்னிப்பு என்ற வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்து, பழக்கமில்லாததால் அங்கேயே நின்றது.

டோரதி டம்ளரை வாங்கினாள். பிடித்த மாத்திரத்தில் கையை உதறி, அதை வெடுக்கென்று மடியில் முந்தானைமேல் வைத்துக்கொண்டாள். சிவந்திருந்த தன் உள்ளங்கைகளை இப்போதுதான் பார்ப்பவள் போலப் பார்த்தாள்.

"சுடுது அண்ணி" என்றாள். அதைச் சொல்லும்போதே அவள் கண் நிறைந்து வழிந்துவிட்டது.

லூர்துராணி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, டம்ளரை எடுத்து, மெதுவாக ஆற்றத் தொடங்கினாள்.